மீனைக் கேள்

"கையை எடுடி!"

எல்சி போட்ட சத்தத்தில் கொல்லையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். கன்னியம்மா மட்டும் போகவில்லை. மரத்தொட்டியை மூடியிருந்த ஈரச் சாக்கை ஒரு கையால் தூக்கியிருந்தாள். மற்றக் கை தண்ணீருக்குள் இறங்கப் போகிற நேரம். எல்சி ஓடிவந்து அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"தொட்டா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. தெரிஞ்சிக்கலாம்னுதான்." கன்னியம்மா எட்டிப் பார்த்தாள். "உள்ள இன்னா கீது வாத்யாரம்மா?"

எல்சிக்கும் தெரியாது. நேற்றுச் சாயங்காலம் அவள் கணவர் வால்டர் ஒரு கட்டுமரக்காரனோடு சேர்ந்து அந்தத் தொட்டியைத் தூக்கிவந்து வைத்தார். கடல் தண்ணீர் இருவர் வேட்டியையும் நனைத்திருந்தது. "இதைத் தொட்டுடாதே எல்சி. நாளைக்குப் பிள்ளைங்க கேக்கட்டும். அதுவே சொல்லும்" என்று கண்ணைச் சிமிட்டினார். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை அவரிடம்.

இனிமேல் முடியவே முடியாது.

"வாத்யாரு எங்க?" என்றான் செல்வம். மூக்கு ஒழுகும் பொடியன். கையில் ஒரு சிப்பி. "ஞாயித்துக்கெயமை அதுவுமா இன்னும் தூங்கிகினு கீறாரா?"

எல்சி சாக்கை இழுத்துத் தொட்டியை மூடினாள். அதன் நான்கு முனைகளையும் தேவைக்கு அதிகமான கவனத்தோடு சரி செய்தாள். பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் வழக்கம்போல் கரை வழியாகவே ஓடிவந்து கொல்லையில் நுழைந்திருக்கிறார்கள். விடிகிற நேரத்தில் வால்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்ததும், தண்ணீர் கேட்டதும், அவள் செம்போடு திரும்புவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டதும் பக்கத்து வீட்டுக் குப்பம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். குப்பம்மா போதகருக்குச் சொல்ல ராயபுரத்துக்கு ஓடியிருந்தாள்.

"முன்னறையில இருக்கார்" என்றாள் எல்சி. "போய்ப் பாருங்க."



*

உபதேசியார் வால்டரின் வகுப்பை முதன்முதலில் பார்ப்பவர்கள், அந்த மனிதருக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டதோ என்று நினைப்பார்கள்.

வந்த புதிதில் அவரும் மற்ற உபதேசியார்களைப் போலத்தான் இருந்தார். மிஷன் கொடுத்த வேதாகமப் படச்சுருளை ஒரு மூங்கிலில் தொங்கவிட்டு, திருவொற்றியூருக்குத் தெற்கே அந்தச் செம்படவக் குப்பத்தின் மணலில் பிள்ளைகளை உட்கார வைத்தார். பிள்ளைகள் படத்தைப் பார்க்கவில்லை. படத்தின்மேல் உட்கார்ந்த ஈயைப் பார்த்தார்கள். அது முன்காலை ஏன் தேய்க்கிறது என்று அவர்களுக்குள் சண்டை வந்தது. வால்டர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு தானும் குனிந்து ஈயைப் பார்த்தார். மறுவாரம் படச்சுருள் பரணுக்குப் போய்விட்டது.

கடல் மீன்களைப் போய்க் கேள், அவை உனக்கு விவரமாகச் சொல்லும் என்கிற பொருளில் வேதத்தில் ஓர் இடம் இருக்கிறது. மற்றவர்கள் அதை வாசித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போவார்கள். வால்டர் போகவில்லை. "கேள்னு போட்டிருக்கு. அப்ப கேக்கத்தானே வேணும்?" என்றார்.

அதிலிருந்து அதுதான் முறை. வலையில் வந்த ஏதாவது ஒன்றைப் பிள்ளைகள் உயிரோடு கொண்டுவர வேண்டும். அதனிடமே கேள்வி கேட்க வேண்டும், வாத்தியாரிடம் அல்ல. கேட்டுவிட்டு, அது பதில் சொல்லும்வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு முறை ஒரு கடல் கெளுத்தியைக் கொண்டுவந்தார்கள். போட்ட எதையும் அது தின்னவில்லை. "இன்னாத்துக்குப் பட்டினி கெடக்குற?" என்று கேட்டுவிட்டு அண்டாவைச் சுற்றிக் குந்தினார்கள். வெயில் ஏறியது. கெளுத்தி வாயைத் திறந்தது. வாய்க்குள்ளிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போயின.

பிள்ளைகள் மூச்சு விடவில்லை.

"தின்னா குஞ்சும் போயிடும்னு அதுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்று வால்டர் மெதுவாகக் கேட்டார்.

"அத்த செஞ்சவரு" என்றது ஒரு குரல். கன்னியம்மாவின் குரல்தான் அது.

அப்புறம்தான் வேதத்தைத் திறப்பார். அன்றைக்கு வந்த உயிருக்குப் பொருத்தமாக ஓர் இடத்தை வாசிப்பார். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது, இந்தப் பெருங்கடலில் ஒரு பெரிய ஜந்துவைக் கடவுள் விளையாடுவதற்கென்றே உண்டாக்கி விட்டார் என்கிற இடம்.

"சாமி வெளையாடுமா வாத்யாரே?"

"நீ வெளையாடறே இல்ல? உன்னைச் செஞ்சவருக்கு மட்டும் வெளையாடத் தெரியாதா?"

மிஷனிலிருந்து மேற்பார்வைக்கு வந்த ஒருவர் இதையெல்லாம் பார்த்து முகத்தைச் சுளித்தார். "மீனோடு பேசவா உங்களை அனுப்பினோம்?" என்றார். அவர் சுளித்ததற்குக் காரணம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குப்பத்திலிருந்து ஒரு பிள்ளைகூட, ஓர் ஆள்கூட, சபையில் சேரவில்லை. வருஷக் கூட்டத்தில் ஒவ்வோர் உபதேசியாரும் தாம் நடத்திவந்த புதியவர்களோடு எழுந்து நிற்பார்கள். வால்டர் தனியாக நிற்பார். எல்சி தலையைக் குனிந்துகொள்வாள்.

*

முன்னறையில் சத்தமே இல்லை. எல்சி எட்டிப் பார்த்தாள்.

பாயில் கிடத்தியிருந்த வால்டரைச் சுற்றி அவர்கள் அரைவட்டமாகக் குந்தியிருந்தார்கள், அண்டாவைச் சுற்றிக் குந்துவதைப் போலவே. செல்வத்தின் உதடு கோணிக்கொண்டிருந்தது. கன்னியம்மா அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"அயுவாத. மொதல்ல கேக்கணும்." அவள் முன்னால் சாய்ந்தாள். "வாத்யாரே, ஒனக்கு வலிக்குதா?"

யாரும் அசையவில்லை.

"சொல்லமாட்டாரு" என்றான் செல்வம்.

"பேசாம பாருடா."

பார்த்தார்கள். ஜன்னல் வழியே கடல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசியில் கன்னியம்மா நிமிர்ந்தாள்.

"வலிக்கல" என்றாள். "நெத்தியப் பாரு. சுருக்கமே இல்ல."

எல்சி அடுப்படிக்குப் போனாள். பற்றவைக்காத அடுப்பின் முன் கொஞ்ச நேரம் நின்றாள்.

*

போதகர் ஏசடியான் ஜட்காவில் வந்து இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. நல்ல மனிதர். வால்டரின் நெற்றியில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். எழுந்தபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"பெட்டி மதியத்துக்குள்ள வந்துடும் எல்சி அம்மா. சாயங்காலம் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துல அடக்கம்." கொஞ்சம் தயங்கினார். "தூக்குறதுக்கு ராயபுரம் சபையிலிருந்து நாலு பேரை வரச் சொல்லியிருக்கேன். துறைமுகத்துல வேலை செய்யுற ஆளுங்க. நல்ல பிள்ளைங்க. வழக்கப்படி..."

அங்கேயே நிறுத்திவிட்டார். எல்சிக்கு அந்த வழக்கம் தெரியும். உபதேசியார் ஒருவர் இறந்தால், அவரால் சபைக்கு வந்தவர்கள்தான் அவர் பெட்டியைத் தூக்குவார்கள். சென்ற வருஷம் புளியந்தோப்பு உபதேசியார் போனபோது தோள் கொடுக்கப் போட்டி. வால்டருக்கு முன்பின் தெரியாத நான்கு பேர் வரப்போகிறார்கள்.

"சரிங்கையா" என்றாள்.

போதகர் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். எல்சி வேறு ஏதோ நினைவில் இருந்தாள். தொட்டி ஞாபகத்துக்கு வந்து அவள் ஓடியபோது காரியம் முடிந்துவிட்டது.

"ஆண்டவரே!"

சாக்கு ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம். போதகர் கிணற்றுச் சுவரில் மோதி நின்று, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அது இன்னும் தம்முடையதுதானா என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செல்வத்தால் முடியவில்லை. அவன் பீறிட்டுச் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். எல்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. வீட்டில் இன்னும் பெட்டிகூட வரவில்லை.

"என்னம்மா இது? இடி விழுந்த மாதிரி... தோள் வரைக்கும் மரத்துப் போச்சே!"

"தெரியாதுங்கையா. அவர் தொடாதேன்னார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

இப்போது எல்லோரும் தொட்டிக்குள் குனிந்தார்கள். அடியில் கிடந்தது ஒரு திருக்கை. வட்டமாக, தடித்து, மணல் நிறத்தில், சோம்பேறியாக. கண் இரண்டும் கடுகுபோல. இதா போதகரைக் கிணற்றடிவரை தள்ளியது?

"நீ இன்னாத்துக்கு பாதிரி ஐயரை அட்ச்ச?" என்று கன்னியம்மா அதனிடம் கேட்டாள். கேட்டுவிட்டுக் குந்தினாள். எல்லோரும் குந்தினார்கள். போதகர் நின்றபடியே கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். அவருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

திருக்கை மெல்ல ஒரு சுற்று சுற்றியது. வாலை ஆட்டியது. மறுபடி படுத்தது.

"முள்ளு இல்ல" என்றாள் கன்னியம்மா.

"என்னது?"

"மத்த திருக்கைக்கெல்லாம் வாலுல முள்ளு கீது ஐயரே. குத்துனா ஆளே காலி. இத்துக்கு வாலுல ஒண்ணியும் இல்ல. வேகமாப் போவவும் தெர்ல. பெரிய மீனு வந்தா இன்னா பண்ணும் பாவம்? அதான் இந்த இடியக் குட்த்து அனுப்பிச்சிகீறாரு."

"யார் குடுத்து அனுப்பிச்சது?"

கன்னியம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "செஞ்சவருதான். எத்த செஞ்சாலும் அத்த வெறுங்கையா அனுப்ப மாட்டாரு. வாத்யாரு படிச்சாரே, காக்காக் குஞ்சு கத்துனாக் கூட அவுருக்குக் கேக்கும்னு."

போதகர் கை தேய்ப்பதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எல்சியைத் தனியே கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணு யாரும்மா?"

"கன்னியம்மா. குப்பத்துக்குத் தலைவரா இருக்கிற நாட்டார் பொன்னுரங்கத்தோட மக."

"நம்ம சபையில பிறந்து வளர்ந்த பிள்ளைங்களுக்குக்கூட இந்தத் தெளிவு இல்லையே! இவ ஏன் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல? வால்டர் ஒரு தடவையாவது கேட்டிருக்க மாட்டாரா?"

எல்சி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

வால்டர் கேட்கவில்லை. அந்தப் பெண்தான் கேட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றப் பிள்ளைகள் கலைந்த பிறகு. எல்சி தன் காதாலேயே கேட்டாள். "வாத்யாரே, என் தலைலயும் தண்ணி ஊத்தச் சொல்லு. நானும் ஒங்க கோயிலுக்கு வரேன்." வால்டர் வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "மாட்டேன்" என்றார். பெண் காரணம் கேட்டாள். அதற்கும் பதில் இல்லை. அழுதுகொண்டே ஓடினாள். அடுத்த வாரம் ஒரு நட்சத்திர மீனோடு வந்து ஒன்றும் நடக்காததுபோல் குந்திக்கொண்டது வேறு விஷயம்.

அன்று ராத்திரி எல்சி கத்தினாள். "ஒரு ஆத்துமா தானா வந்து கேக்குது. மாட்டேங்கிறீங்க. நீங்க எதுக்கு உபதேசியாரா இருக்கீங்க?"

"அதை மட்டும் கேக்காதே எல்சி" என்றார் அவர்.

கேள் கேள் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதர், தன் பெண்சாதிக்கு மட்டும் ஒரு கேள்வியைப் பூட்டி வைத்தார். அந்தப் பூட்டு அவளை இரண்டு வருஷமாக அறுத்துக்கொண்டிருந்தது. இவருக்குத் தாம் சொல்லிக்கொடுப்பதிலேயே நம்பிக்கை இல்லையோ? அந்த எண்ணம் வரும்போதெல்லாம் அதை உதறிவிட்டு வேறு வேலை பார்ப்பாள். இன்று உதற முடியவில்லை. பதில் முன்னறையில் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தது.

"என்னம்மா?" என்றார் போதகர்.

"தெரியலீங்கையா" என்றாள் எல்சி.

வால்டருக்கு ஒரு கட்டாயம் உண்டு: கேட்டு முடித்ததும் கடலிடம் வாங்கியதைக் கடலிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார்கள். அவர்களோடு சேர்ந்து சாவுச் செய்தியும் குப்பத்துக்குப் போனது.

*

சாயங்காலம் பெட்டியை மூடி ஆணி அடித்தாயிற்று. ராயபுரத்து ஆட்கள் நான்கு பேரும் சட்டையைச் சரி செய்துகொண்டு நின்றார்கள். வாசலில் நிழல் விழுந்தது.

பொன்னுரங்கம் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் குப்பத்து ஆண்கள். தலையில் கட்டியிருந்த துண்டுகள் எல்லாம் இடுப்புக்கு இறங்கியிருந்தன.

எல்சிக்கு உடம்பு விறைத்தது. இந்த ஆளை அவளுக்கு ஆகாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், வகுப்பு நடக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கரையேற்றிய கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்திருப்பார். வலையைப் பின்னுகிற மாதிரி ஒரு பாவனை. காது மட்டும் இந்தப் பக்கம். கிட்டே வரமாட்டார், எழுந்து போகவும் மாட்டார். வேவு. வேறென்ன?

"வாங்க நாட்டாரே" என்றார் போதகர். "முகம் பார்க்க முடியாதே, மூடிட்டோமே."

"மொகம் பாக்க வரல சாமி. தூக்க வந்துகீறோம்."

போதகர் திகைத்துப் போனார். "உங்களுக்கு அது... சாவு தூக்கினா தீட்டு, காரியம் முடியிற வரைக்கும் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகக்கூடாதுன்னு கேள்வி."

"ஆமா. போவ மாட்டோம்."

"நல்லா மீன் விழுற சமயமாச்சே?"

"மீனு எங்க பூடப் போவுது? கடல்லதான் கீது."

ராயபுரத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. எங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஊழியக்காரரை அவரால சபைக்கு வந்தவங்கதான் தூக்கணும். இல்லேன்னா சபைக்காரங்களாவது தூக்கணும்."

"அவராண்ட வந்து ஒங்க கோயில்ல சேந்தவங்க யாராச்சும் கீறாங்களா?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

எல்சிக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. குத்திக்காட்டவா வந்தான், அதுவும் இன்றைக்கு? ஒரு சுடுசொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே குத்தல் இல்லை. அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க தூக்கட்டும் ஐயா" என்றாள்.

"சபையில கேப்பாங்க எல்சி அம்மா."

"கேட்டா என்னைக் கேக்கட்டும்."

பொன்னுரங்கம் குனிந்து பெட்டியின் தலைப்பக்கத்துக்குத் தோள் கொடுத்தார். கட்டுமரத்தைத் தண்ணீருக்குத் தள்ளும்போது போடுகிற ஒரு சத்தம் உண்டு. எல்லோரும் ஒரே மூச்சில் அடிவயிற்றிலிருந்து போடுவது. அதைப் போட்டுத்தான் தூக்கினார்கள். அவர்களுக்கு வேறு விதமாகத் தூக்கத் தெரியாது.

கரையோரப் பாதையில் ஊர்வலம் போயிற்று. போதகர் பாட்டெடுத்தார். ராயபுரத்து ஆட்கள் பின்பாட்டுப் பாடினார்கள். குப்பத்து ஆட்கள் பாடவில்லை, மணலில் கால் புதையப் புதைய நடந்தார்கள். பின்னால் கன்னியம்மா வந்தாள்.

"ஏய், பொட்டப்புள்ள நீ எங்கடி வர்ற சாவு கூட? திரும்பு!" என்று குப்பம்மா அதட்டினாள்.

"வாத்யாரம்மா மட்டும் போவலாமா?"

"அவங்க வயக்கம் வேறடி."

கன்னியம்மா காதில் வாங்கவில்லை. அவள் அப்பனும் திரும்பிப் பார்க்கவில்லை.

*

அடக்கம் முடிந்தது. போதகர் ஜட்காவில் இடம் ஒதுக்கிக் கூப்பிட்டார். எல்சி, நடந்தே வருகிறேன் என்றாள்.

கால் வலிக்கத்தான் செய்தது. ஆனால் பொன்னுரங்கம் கரையோரமாக நடந்துகொண்டிருந்தார். அவர் ஆட்கள் முன்னால் போய்விட்டார்கள். விட்டால் இனி இந்த மனிதர் எப்போது தனியே அகப்படுவார்?

எட்டிப் பிடித்தாள். "நாட்டாரே, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவரைக் காவல் காத்தீங்களே. சந்தேகம்தானே? அப்புறம் எதுக்கு இன்னிக்குத் தோள் குடுத்தீங்க?"

ஓர் அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போயிற்று.

"சந்தேகம்தான்" என்றார். "எம்டன் கப்பலு வந்து குண்டு போட்டுட்டுப் போச்சே, அதுக்கு மறுவருசம். வாத்யாரு படத்தச் சுருட்டிகினு வந்தாரு. நான் வோணாம்னேன். பக்கத்துக் குப்பத்துல ஒரு பையன் ஒங்க வேதத்துல சேந்துகினு வூட்ட வுட்டே பூட்டான். அவன் ஆத்தா கரைலயே குந்திகினு கெடந்தா. எங்க புள்ளைங்களுக்கு அந்தக் கதை வோணாம்னு சொன்னேன். 'அப்ப நான் இன்னா பண்ணணும், சொல்லுங்க'ன்னாரு. உப்புத் தண்ணில எறங்கு, சத்தியம் பண்ணுன்னேன்."

"உப்புத் தண்ணியில?"

"எங்க வயக்கம்மா. மார் அளவு தண்ணில நின்னு சொன்ன வார்த்தைய மீறுனா, கடலு அவனத் தேடிகினு வரும். வருவாரான்னு சொம்மா ஆயம் பாத்தேன். வேட்டியோட எறங்கிட்டாரு. நீஞ்சக்கூடத் தெரியாது அந்த மனுசனுக்கு! ஒரு அலை அட்ச்சிருந்தா ஆளு அவுட்டு. நான்தான் பின்னால அவுரு துண்டப் புட்ச்சிகினு நின்னேன்."

எல்சி நின்றுவிட்டாள். "என்ன சத்தியம்?"

"'படைச்சதக் காட்டுவேன். யாரு படைச்சதுன்னு புள்ளைங்க கேட்டா வேதத்துல கீறதச் சொல்லுவேன், மறைக்க மாட்டேன். ஆனா ஒரு புள்ளயக்கூட எங்க சபைக்குக் கூப்புட மாட்டேன். அதுவா வந்து கேட்டாலும் தலைல தண்ணி ஊத்த வுட மாட்டேன்.'"

அதுவா வந்து கேட்டாலும்.

எல்சி எதிரே பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் கன்னியம்மா தனியாக, அலை விளிம்பிலேயே கால் வைத்து நடந்துகொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லலம்மா. அவுராத்தான் சொன்னாரு. மிசன்ல கேட்டா எல்சி எனக்காவப் பொய் சொல்ல வேண்டி வரும், அந்தப் பாரம் அவளுக்கு வோணாம்னு." பொன்னுரங்கம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "மொத வருசம் காவலுக்குத்தான் குந்தினேன். எப்ப வாய் தவறுவாருன்னு. தவறல. அப்பால எதுக்குக் குந்தினேன்னு எனக்கே தெர்ல. வெளையாடுறதுக்குன்னே ஒரு பெரிய மீனு படைச்சாருன்னு படிப்பாரே, அத்த நான் கடல்ல பாத்துகீறேன்மா. மல மாரி எய்ந்து, தண்ணிய மேல பீச்சி அட்ச்சிட்டு வியும். எதுக்குத் துள்ளுதுன்னு எங்க நைனாவுக்கும் தெரியாது. இந்த மனுசன் சொன்னாரு."

கொஞ்சம் நடந்தார்கள்.

"எம் பொண்ணு அன்னிக்கி அவுராண்ட கேட்டது, அவுரு மாட்டேன்னது, எல்லாம் காதுல வியுந்துச்சு. அப்பவே எறங்கிப் போய், போதும் வாத்யாரே, ஒங்க வார்த்தைய நான் வுட்டுட்டேன்னு சொல்லிகீணும். வாய் வர்ல. ரெண்டு வருசமா ஒவ்வொரு ஞாயித்துக்கெயமையும் இன்னிக்கிச் சொல்லிடலாம்னுதான் போய்க் குந்துவேன்." நின்றார். "அந்தச் சத்தியத்துல கடைசியா இன்னொரு வார்த்தை கீதும்மா. இதுவரிக்கும் யாராண்டயும் சொன்னதில்ல."

"என்ன வார்த்தை?"

"'என் உசுரு கீற வரிக்கும்.'"

எல்சி அவரைப் பார்த்தாள்.

"அது இன்னாத்துக்கு வாத்யாரே கடைசில, அப்டின்னு நான் கேட்டேன். பல்லு தந்தி அட்ச்சிகினு நின்னாரு குளுர்ல. 'அதுக்கப்புறம் என்னால தடுக்க முடியாது நாட்டாரே'ன்னு சிரிச்சாரு."

குப்பத்து ஆட்கள் தீட்டுக் கழிக்கக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாவும் பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. அந்த இடத்தில் கொஞ்சம் இழுப்பு உண்டு. பொன்னுரங்கம் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

அலை வந்தது. கன்னியம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு தலை முழுகினாள்.